குலுக்கல் பரிசுக்கு யார் தகுதியானவர்? சிறு பொழுதுபோக்குக் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டம் என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் எழுவது பால்மரக் (ரப்பர்) காடும் செம்பனைக் காடும்தான். அதனால், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பின்புறத்திலும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டு முற்றத்திலும் பூச்செடியும் கீரையும் வளர்க்கும் நாங்கள் எங்களைச் செடி வளர்ப்புக் குழு என்றே அழைத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டிய ஒன்றுகூடலில், உறுப்பினர்களுக்காக அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்துகிறோம். ஓராண்டு முதற்பரிசான புல்வெட்டும் இயந்திரம், சீட்டுப் பெட்டியைக் கையில் வைத்திருந்தவரின் மைத்துனருக்கு விழுந்தது. குலுக்கலில் குறை எதுவும் இல்லை என்பதை மண்டபத்தில் இருந்த எல்லாரும் கண்ணால் கண்டார்கள். ஆனாலும் அடுத்த சில மாதங்களில் கூட்டத்திற்கு வருவோர் குறைந்தார்கள். காரணம் கேட்டபோது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பரிசு விழுந்த விதத்தில் தவறில்லை என்றாலும், பெட்டிக்குள் யாருடைய சீட்டு இருக்கலாம், யாருடையது இருக்கக் கூடாது என்பதை நாங்கள் முன்கூட்டியே எழுதி வைக்காததுதான் தவறு என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆனது. அதன் பிறகு நாங்கள் படிப்படியாக அமைத்துக்கொண்ட தகுதி விதிகளையும், ஒவ்வொன்றையும் எதற்காக அப்படி அமைத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். செடி வளர்ப்போருக்கு மட்டுமன்றி, தூண்டில் மீன்பிடிப்போர், கேரம் ஆடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர், பழைய நாணயமும் தபால்தலையும் சேர்ப்போர் என எந்தச் சிறு குழுவுக்கும் இவை பொருந்தும்.

முதல் படி: பரிசு எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தகுதி விதியை எழுத உட்காருமுன் செயற்குழு ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இந்தப் பரிசு ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்காகவா, புதியவர்களைக் குழுவுக்குள் அழைப்பதற்காகவா? இரண்டும் நல்ல நோக்கங்கள்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. நன்றிப் பரிசுக்குச் சேர்ந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அழைப்புப் பரிசுக்கு அதே விதியை வைத்தால் அழைக்கப்படவேண்டியவரே வாசலில் நிற்க நேரும். இரண்டு நோக்கமும் வேண்டுமென்றால் இரண்டு பெட்டி வையுங்கள். ஒரே பெட்டியில் இரண்டையும் கலந்த குழுக்களில்தான், நேற்று வந்தவருக்கு இயந்திரம், பத்து வருடம் இருந்தவருக்குப் பூத்தொட்டியா என்ற பேச்சு எழுகிறது.

நோக்கத்தை எழுதியபின், விதிகளையும் பரிசுப் பட்டியலையும் எந்த வரிசையில் அறிவிப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். விதிகள் முதலில், பரிசுகள் பிறகு என்பதே என் உறுதியான கருத்து. பரிசு இன்னதென்று தெரிந்த பிறகு விதி எழுதினால், எழுதுபவர் மனத்தில் அறியாமலேயே ஒரு முகம் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: பணம் வாங்காதீர்கள்

சீட்டுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) என்று விற்றுப் பரிசுச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனை எல்லாக் குழுக்களிலும் எழும். மலேசியாவில் 1952 ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டம், குலுக்கலால் பொருளைப் பங்கிடும் எந்த ஏற்பாட்டையும் மிக விரிவாக வரையறுக்கிறது. அனுமதியின்றிச் சீட்டு விற்பதற்கு அது இடங்கொடாது. எனவே சீட்டு இலவசமாகவே இருக்கட்டும். அப்போதும் ஏற்பாட்டைத் தொடங்குமுன் உரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது. மேலும், 1966 ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் ஏழு பேரும் அதற்கு மேற்பட்டவரும் கூடிய அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. உங்கள் குழு பதிவு பெற்றதென்றால், உறுப்பினர் யார் என்பதற்கு உங்கள் சட்டவிதியிலேயே ஒரு விளக்கம் இருக்கும், குலுக்கல் விதி அதற்கு முரணாகப் போகக் கூடாது.

சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு அதைவிடப் பெரியது. எங்கள் குழுவில் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய் நண்பர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் குலுக்கலில் முஸ்லிம்கள் கலந்துகொள்ள மாட்டார்கள். இரண்டு வெள்ளி என்று ஒரு வரி எழுதியதுமே, ஒரு பெயரையும் குறிப்பிடாமல், குழுவின் ஒரு பகுதியை நாம் வெளியே அனுப்பிவிடுகிறோம். தகுதி விதி என்பது "தகுதி" என்ற தலைப்பின் கீழ் எழுதியது மட்டுமல்ல. யாரை உள்ளே விடாமல் செய்கிறதோ அந்த ஒவ்வொரு வரியும் தகுதி விதிதான்.

மூன்றாம் படி: உறுப்பினர் யார், எந்த நாள் வரை

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருப்பவர் எல்லாரும் உறுப்பினரா? முடிவு எதுவாயினும் அதை எழுத வேண்டும். எங்களிடம் தனியாக ஓர் உறுப்பினர் பதிவேடு உண்டு. அதில் பெயர் உள்ளவரே உறுப்பினர். குலுக்கல் ஜனவரியில் என்றால் முந்தைய செப்டம்பர் 30 ஆம் தேதிவரை பெயர் பதிந்தவருக்கே அந்த ஆண்டின் சீட்டு. இந்தக் கடைசி நாள், பரிசு அறிவிப்புக்கு முன்னதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பைப் பார்த்ததும் உறவினர் பட்டாளம் ஒன்று ஒரே வாரத்தில் வந்து சேரும்.

ஊரைவிட்டுப் போனவர்கள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தோட்ட வேலை முடிந்து ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் வசிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவது எளிது, ஆனால் இங்கே பிறந்து, தாயைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்து, வரும்போதெல்லாம் விதைப் பொட்டலம் கொண்டுவரும் ஒருவரை அந்த வரி வெட்டிவிடும். வசிப்பிடத்தைக் கேட்பதைவிட, அவர் குழுவோடு என்ன செய்கிறார் என்பதைக் கேட்பதே பொருத்தம்.

குடியுரிமையும் அப்படித்தான். தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் நம்மோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் லயத்தின் ஓரத்தில் அற்புதமாக மிளகாய் வளர்க்கிறார்கள். செடி வளர்ப்புக்கான பரிசில் மலேசியக் குடிமகன் என்ற நிபந்தனைக்கு எந்த வேலையும் இல்லை. பெரிய நிறுவனங்களின் பரிசு அறிவிப்பிலிருந்து விதிகளை அப்படியே படியெடுக்கும்போதுதான் இந்த வரி நம் தாளில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நான்காம் படி: பங்கேற்பை எப்படி அளப்பது

இங்கேதான் நாங்கள் மிக அதிகமாகத் தடுமாறினோம், ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன். நன்றிப் பரிசென்றால் பங்கேற்றவருக்குத்தான் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆண்டுக்குப் பத்துக் கூட்டம் நடக்கிறது, ஆறுக்கு வந்தவருக்கே சீட்டு என்று முதலில் எழுதினோம். பார்வைக்கு நேர்மையான விதி. பதிவேட்டைப் புரட்டியபோது வெளியே தள்ளப்பட்டவர்கள் யாரென்று தெரிந்தது: மழையில் நாள் போனதற்கு ஈடாக ஞாயிறும் பால்மரம் வெட்டப் போகிறவர்கள், ஆலையில் இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள், படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தனியே விட்டு வர முடியாத பெண்கள். சோம்பியிருந்தவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் விதியை இரண்டு விதமாக மாற்றினோம். ஆறு என்ற எண்ணை மூன்றாகக் குறைத்தோம். கூட்டத்திற்கு வருவதற்கு ஈடாகச் சில செயல்களையும் சேர்த்தோம். குழுவின் நாற்றுப் பரிமாற்றத்திற்கு ஐந்து நாற்றுக் கொடுத்தால் ஒரு வருகைக்குச் சமம். தமிழ்ப்பள்ளியின் செடிப் பாத்திக்கு ஒருநாள் தண்ணீர் ஊற்றும் முறையை ஏற்றால் ஒரு வருகைக்குச் சமம். புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்கியவரின் வீட்டுக்குப் போய் உரமிடும் முறையைக் காட்டிக்கொடுத்தாலும் அப்படியே. ஒவ்வொன்றையும் செய்த அன்றே பதிவேட்டில் எழுதி, செய்தவரும் சாட்சியாக ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு எங்கள் குழுவில் செல்லாது.

அளக்கக் கூடாதது ஒன்றுண்டு. புலனத்தில் அனுப்பும் செய்திகளின் எண்ணிக்கையை ஒருபோதும் பங்கேற்பாகக் கொள்ளாதீர்கள். அப்படி ஒரு விதி வந்தால், மறுநாள் காலையிலிருந்தே வணக்கப் படங்கள் குவியும். செடிக்குப் பூச்சி விழுந்ததென்று உண்மையாக உதவி கேட்டவரின் செய்தி அடியில் புதைந்துபோகும். பேசத் தயங்குகிற, ஆனால் எல்லாரைக் காட்டிலும் நன்றாக வளர்க்கிற பெரியவர்களுக்கும் அது அநீதி.

ஐந்தாம் படி: ஆளுக்கு ஒரு சீட்டா, வீட்டுக்கு ஒரு சீட்டா

இந்தத் தோட்டப்புறத்தில் ஒரு வீட்டில் ஐந்து பேர் உறுப்பினராக இருப்பதும், பக்கத்து வீட்டில் கணவரை இழந்த பாட்டி ஒருவர் தனியாக இருப்பதும் சாதாரணம். மொத்தம் 60 சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசுக்கு அந்தப் பெரிய வீட்டின் வாய்ப்பு 60இல் 5, அதாவது பன்னிரண்டில் ஒன்று. பாட்டியின் வாய்ப்பு 60இல் ஒன்று. வீட்டுக்கு ஒரு சீட்டு என்று ஆக்கினால் இது சமமாகும். ஆனால் மாமனாரும் மருமகளும் தனித்தனியாக ஆண்டு முழுவதும் உழைத்திருக்க, வீட்டின் சீட்டு வழக்கம்போல் மாமனார் பெயரில் போய்விடும். அந்த அநீதி வெளியே தெரியாது, எனவே மோசமானது.

இங்கே எனக்கு வழிகாட்டியது கூட்டுறவு முறை. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அறியாத தோட்டக் குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்பது கூட்டுறவின் அடிப்படை. அதையே பின்பற்றி, ஆளுக்கு ஒரு சீட்டு, ஆனால் வீட்டுக்கு ஒரு பரிசு என்று முடிவு செய்தோம். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் பெயர் விழுந்ததும், அதே வீட்டின் மற்றச் சீட்டுகள் பிறகு வந்தால் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். அனைவரும் சீட்டைப் பெறுகிறார்கள். பரிசுகளும் ஒரே வீட்டில் குவிவதில்லை.

வீடு என்பதற்கும் விளக்கம் வேண்டும். முகவரியை அளவுகோலாக்கினால், ஒரே லயத்தில் இரண்டு அறையில் தனித்தனியே வாழும் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகிவிடும். எங்கள் விதி: ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர் ஒரே வீட்டார். இதை யாரும் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

ஆறாம் படி: செயற்குழுவும் உறவினரும்

சிறு ஊரில் உறவினரை விலக்கும் விதியை அகலமாக எழுதினால் பெட்டியே காலியாகிவிடும். ஏழு பேர் செயற்குழு, அவர்களின் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சம்பந்தி என்று விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுபவர் சிலரே. மறுபக்கம், யாரையும் விலக்காவிட்டால் நான் தொடக்கத்தில் சொன்ன நிலை வரும். உறவின் தூரத்தை அளப்பதை விட்டு, கையில் இருக்கும் வேலையை அளந்தோம். தகுதிப் பட்டியலைத் தயாரிப்பவர், சீட்டுக்கு எண் போடுபவர், பெட்டியைக் காப்பவர் ஆகிய மூவரும், அவர்களோடு ஒரே அடுப்பில் உண்பவர்களும் அந்த ஆண்டின் குலுக்கலில் இல்லை. மற்றச் செயற்குழுவினருக்குத் தடை இல்லை. மூவரின் பெயரும் விதித் தாளிலேயே அச்சிடப்படும். வேலை ஆண்டுதோறும் வேறு மூவருக்கு மாறும்.

விலக்கப்படும் மூவரும் ஏமாந்தவராகக் கூடாது. அவர்களுக்குக் குலுக்கல் வழியாக அன்றி, குழுவின் சார்பாக ஒரே மதிப்புள்ள நல்ல ஒட்டுச்செடியை மேடையில் கொடுக்கிறோம். பரிசு நன்கொடை தரும் கடைக்காரர் உறுப்பினராகவும் இருந்தால், அவர் தந்த பரிசுக்கு மட்டும் அவருடைய சீட்டு செல்லாது. மற்றப் பரிசுகளுக்குச் செல்லும். நன்கொடையாளர் தன் வாடிக்கையாளருக்கே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் பரிசை ஏற்காதீர்கள்.

போன ஆண்டு வென்றவரை முற்றாக விலக்குவது எனக்கு உடன்பாடில்லை. முதற்பரிசுக்கு மட்டும் ஓராண்டு இடைவெளி போதும்.

ஏழாம் படி: வயதும் அடையாள அட்டையும்

1971 ஆம் ஆண்டின் சட்டப்படி மலேசியாவில் 18 வயது நிறைந்தவரே முழு வயதினர். பெட்ரோலில் ஓடும் இயந்திரம், பூச்சிக்கொல்லித் தெளிப்பான் போன்ற பரிசுகள் உள்ள பெட்டிக்கு 18 என்பதை எல்லையாக வையுங்கள். சிறுவர்களை விட்டுவிட வேண்டியதில்லை. அவர்களுக்கு விதைப் பெட்டியும் சிறு மண்வாரியும் உள்ள தனிப் பெட்டி வைத்தால், பெரியவர் பெட்டியைவிட அதைச் சுற்றித்தான் அதிகக் கூட்டம் இருக்கும்.

வயதையும் ஆளையும் உறுதிசெய்ய அடையாள அட்டையின் நகலைப் புலனத்தில் அனுப்பச் சொல்லும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அது முகவரியோடு சேர்ந்து யார் கைப்பேசிக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. பதிவேட்டில் பெயரும் கடைசி நான்கு இலக்கமும் போதும். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு எண்ணின் கடைசி நான்கு. பரிசு பெறும்போது அட்டையைக் கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எட்டாம் படி: நேரில் இருக்க வேண்டுமா

நேரில் வந்தவருக்கே பரிசு என்றால் மண்டபம் நிறையும் என்பது உண்மைதான். ஆனால் வேலையிலிருந்து விடுப்பு கிடைக்காதவர் மீண்டும் தோற்பார். நான்காம் படியில் கதவைத் திறந்துவிட்டு இங்கே மூடுவதில் பொருளில்லை. வர முடியாதவர் தன் சார்பாக வருபவரின் பெயரைக் குலுக்கலுக்கு முந்தைய நாள் மாலைக்குள் எழுதித் தரலாம். ஒருவர் இருவருக்கு மேல் சார்பாளராக இருக்கக் கூடாது. யாரும் வராவிட்டால் பரிசு 14 நாள் காத்திருக்கும். அதற்குள் பெறாவிட்டால் யாருக்குப் போகும் என்பதை அப்போது யோசிக்கக் கூடாது. குலுக்கல் அன்றே ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு மாற்றுப் பெயரையும் எடுத்து, எல்லார் முன்னிலையிலும் எழுதி வைத்துவிடுங்கள்.

பரிசே சிலரைத் தகுதியற்றவராக்கலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முசாங் கிங் என்று அழைக்கப்படும் டி197 துரியன் ஒட்டுக்கன்று எல்லாருக்கும் ஆசையான பரிசு. ஆனால் பிபிஆர் எனப்படும் அரசாங்க மக்கள் வீடமைப்பு அடுக்ககத்தில் ஐந்தாம் மாடியில் இருப்பவர் அதை எங்கே நடுவார்? நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருக்கும் தொழிலாளி வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காய்க்கப் பல ஆண்டு எடுக்கும் மரத்தை அவர் யாருக்காக வளர்ப்பார்? எனவே நிலம் தேவைப்படும் ஒவ்வொரு பரிசுக்கும் ஈடாக, அதே விலையில் தொட்டிச் செடியோ கருவியோ எடுத்துக்கொள்ளும் உரிமையை விதியிலேயே எழுதுகிறோம்.

ஒன்பதாம் படி: எழுதி, வாசித்து, முறையீட்டுக்கு நாள் கொடுங்கள்

எல்லா விதிகளும் ஒரே தாளில் அடங்க வேண்டும். தமிழிலும் மலாயிலும் இருக்க வேண்டும். குலுக்கலுக்கு 30 நாள் முன்பு மண்டபப் பலகையில் ஒட்டுங்கள், கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத முதியவர்கள் தாளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள், வாசித்தால்தான் கேள்வி கேட்பார்கள். பதினைந்து நாளுக்கு முன் தகுதி பெற்றோர் பட்டியலை ஒட்டி, பெயர் விடுபட்டவர் முறையிட ஏழு நாள் கொடுங்கள். முறையீட்டைக் கேட்கும் மூவர், பட்டியல் தயாரித்தவராகவோ சீட்டு உள்ளவராகவோ இருக்கக் கூடாது. ஊரில் எல்லாரும் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரையோ பழைய கிராணியையோ (தோட்ட எழுத்தரையோ) கேட்டால் மகிழ்ந்து வருவார்கள். ஏழாம் நாள் முடிந்தபின் பட்டியலில் ஒரு பெயரும் கூடாது, குறையாது.

குலுக்கலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரே அளவுத் தாள், ஒரே மடிப்பு, பெயருக்குப் பதில் எண், உள்ளே தெரியும் கண்ணாடிப் பெட்டி, எல்லார் முன்னிலையிலும் சீட்டு எண்ணிக்கை, எடுப்பதற்குச் சீட்டில்லாத ஒரு குழந்தை.

பிழை நேர்ந்துவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும், தகுதியுள்ள ஒருவரின் சீட்டு பெட்டிக்குள் போடப்படவில்லை என்று குலுக்கல் முடிந்த பிறகு தெரியலாம். எங்களுக்கு ஒருமுறை தெரிந்தது. மொத்தத்தையும் மீண்டும் குலுக்கினால், ஏற்கெனவே வென்றவர்களின் கையிலிருந்து பறிப்பதாகும். ஒன்றும் செய்யாவிட்டால் விடுபட்டவருக்குத் துரோகம். ஆறுதலாக ஒரு பரிசைக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லாரும் பெறாத உறுதியை அவர் மட்டும் பெறுகிறார். அவர் இழந்தது பரிசை அல்ல, வாய்ப்பை. எனவே அந்த வாய்ப்பை மட்டுமே திருப்பித் தர வேண்டும். அவரையும் சேர்த்து 61 சீட்டு, 5 பரிசு என்றால் அவருக்கு இருந்திருக்க வேண்டிய வாய்ப்பு ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று. பன்னிரண்டு தாள் மடித்து, ஒன்றில் மட்டும் குறியிட்டு, அவரையே ஒன்றை எடுக்கச் சொன்னோம். குறியிட்ட தாள் வந்திருந்தால் குழுவின் நிதியிலிருந்து ஈடான பரிசு கொடுக்க ஆயத்தமாக இருந்தோம். வெற்றுத் தாள்தான் வந்தது. அந்த அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாத நாற்றுப் பரிமாற்றத்திற்குத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஆண்டிலிருந்து, சீட்டுகளைப் பெட்டியில் போடும்போது பட்டியலை ஒருவர் வாசிக்க, பெயருக்குரியவரோ அவரின் சார்பாளரோ தாமே வந்து போடும் முறையை விதித் தாளில் சேர்த்துவிட்டோம்.